ஒரு கல்லும் உடைக்கக்கூடாது

தவசி சார் மடியில் துண்டை விரித்து, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்து அளந்துகொண்டிருந்தார். பக்கவாதத்தில் விழுந்த வலது கையை இடது கையால் தூக்கி டேப்பின் நுனிமேல் வைத்திருந்தார். நுனி நகராமல் இருக்க அந்தக் கை இப்போது அவ்வளவுக்குத்தான் பயன்பட்டது. இடது கை டேப்பை இழுத்தது. நீளம் பார்த்தார். கல்லைப் புரட்டி அகலம் பார்த்தார். மறுபடி புரட்டி உயரம் பார்த்தார். அதைக் கால்பக்கம் இறக்கிவிட்டு அடுத்த கல்லைக் கேட்டார்.

"தண்ணியக் குடிங்க, அப்புறம் கல்லத் தாரேன்" என்றேன்.

"வையிங்க சிஸ்டர். குடிக்கிறேன்."

குடிக்க மாட்டார். காலையில் வைத்த டம்ளரை மதியம் அப்படியே எடுத்துக்கொண்டு போய் வாழைக்கு ஊற்றுவது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. செவிலியர் உதவியாளர் பயிற்சி எடுத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவள் நான். அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வேலையில் நான் கண்டது, நாற்காலியில் விழுந்துவிட்ட மனிதர்கள் முதலில் தண்ணீர் குடிப்பதைத்தான் விடுகிறார்கள். குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும்.

சாரின் கட்டில் முன்ஹாலில் கிடந்தது. விளாங்குடியில் தெருவைப் பார்த்த வீடு. பழைய மாணவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்கள். அந்த ஹாலில்தான் சிறுநீருக்குப் பாட்டில் பிடிக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருந்த குளியலறை இரண்டு படி பள்ளத்தில், சக்கர நாற்காலி நினைத்துப் பார்க்கவும் முடியாத இடத்தில் இருந்தது. அவரோ கனமான ஆள். தூக்கிக்கொண்டு போக என் முதுகு இடம் கொடுக்காது. அதனால் அடக்கிக்கொண்டே இருப்பார். அடக்கினதில் ஒருமுறை சிறுநீரில் கிருமி ஏறிக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் ட்யூப் போட்டு நிரந்தரமாகப் பையை மாட்டிவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் ஹாலை ஒட்டி, ஸ்கூட்டர் நிறுத்தும் சந்தில், புதிய குளியலறை எழும்பிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் அவர் தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். முடியாவிட்டால் பை. அந்த வீட்டில் யாரைவிடவும் அந்த அறை அவருக்குத்தான் வேண்டும். அந்த வேலையை யாரைவிடவும் அதிகமாக இழுத்தடித்ததும் அவர்தான். எனக்கு எரிச்சல் வந்தது அதனால்தான்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊர். விவசாயக் குடும்பம். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வரலாறு படித்து, ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராகி, தினமும் நகரத்தைக் குறுக்காகக் கடந்து பஸ்ஸில் போய்வந்தவர். மற்ற ஆசிரியர்கள் சிந்துவெளிப் பாடத்தைப் பெருங்குளம், முத்திரை என்று ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள். இவர் செங்கல்லில் நின்றுவிடுவார். உயரம் ஒன்று, அகலம் இரண்டு, நீளம் நான்கு. ஹரப்பாவிலும் இதே விகிதம். அங்கிருந்து எத்தனையோ நாள் நடந்தால் வரும் மொகஞ்சதாரோவிலும் இதே விகிதம். பெரிய கல் என்றாலும் சின்னக் கல் என்றாலும் கணக்கு மாறாது. "சூளை போட்டவன் வேற வேற ஆளு. ஒருத்தன ஒருத்தன் பாத்திருக்க மாட்டான். அளவு மட்டும் எப்படிடா ஒண்ணு?" என்று வகுப்பில் கேட்பாராம். பதில் யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மணி அடித்துவிடும்.

கீழடிக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வந்திருந்த யாரோ, இதுவும் ஹரப்பாக் கல் மாதிரியே இருக்கிறது என்று சொல்லப்போக, நடுவெயிலில் அவரை நிறுத்தி, "அது வேற காலம், இது வேற காலம். அளவும் வேற. அளந்து பாத்துட்டுப் பேசுங்க" என்று சண்டைக்குப் போய்விட்டார். இதை அவர் மகள் சத்யப்ரியா சொன்னாள். சாரின் மனைவி முத்துத்தாய் இறந்து சில வருஷம் ஆகிறது. நான் பார்த்ததில்லை. விளாங்குடி வீடு கட்டும்போது அளவு சரியில்லை என்று ஒரு லோடு கல்லைச் சார் திருப்பி அனுப்ப, சமைத்து வைத்த சோறோடு அந்த அம்மா நிற்க, கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். "செங்கல்லையே கட்டியிருக்க வேண்டியதுதான, என்னைய எதுக்குக் கட்டினாரு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இப்போது அந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

வேலைக்கு வந்தவர் காளை. பக்கத்துத் தெருக் கொத்தனார். ஐம்பதை ஒட்டிய வயது, வாய் கொஞ்சம் நீளம். முதல் நாளே இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"காளை, ஒரு விசயம். ஒரு கல்லும் உடைக்கக்கூடாது" என்றார் சார்.

"உடைக்காம எப்படி சார் கட்டுறது? முடிவுல அரைக்கல்லு வேணும்ல."

"கல்லத் திருப்பிக் குறுக்க வையி. அதான் அரைக்கல்லு. நீளத்துல பாதி அகலம். அதுக்குத்தான அந்த அளவையே வச்சாய்ங்க."

"யாரு வச்சா?"

"நாலாயிரம் வருசத்துக்கு முன்னாடி கட்டுனவய்ங்க."

"அவய்ங்க வாங்குன சூளையில நான் வாங்கலையே சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சார் சிரிக்கவில்லை.

குளியலறைக்கு அரைக்கல் சுவர் போதும் என்று காளை சொன்னார். கொத்தனார்கள் சுவரின் கனத்தைக் கல்லால்தான் சொல்வார்கள். கல்லை நீளவாக்கில் ஒற்றையாய் வைத்தால் அரைக்கல் சுவர். குறுக்கே போட்டால் வரும் கனம் ஒரு கல் சுவர். அரைக்கல் சுவரில் கல்லைத் திருப்பி வைக்க வழியில்லை, உடைத்தே ஆக வேண்டும் என்பதால் ஒரு கல் சுவர்தான் வேண்டும் என்று சார் பிடிவாதமாய் இருந்தார். ஒரு வரி நீளவாக்கு, அதன்மேல் ஒரு வரி குறுக்குவாக்கு. இருக்கிற சந்தில் இடம் இன்னும் குறைந்தது.

"செவுர எப்படி வேணாலும் கட்டுங்க. வாசல் மட்டும் மூணடி இருக்கணும். நாற்காலி வண்டியும் போகணும், வண்டியத் தள்ளுற கையும் போகணும்" என்றேன்.

"அத நான் பாத்துக்கிறேன்க்கா" என்றார் காளை. தரையில் கரித்துண்டால் கோடும் போட்டார். சரியாக மூன்றடி இருந்தது. பார்த்துவிட்டு நான் என் வேலைக்குப் போனேன்.

கல் வந்து இறங்கியது. சார் அளக்க ஆரம்பித்தார். நீளம் ஓரளவு ஒத்துவந்தது. அகலம்தான் கல்லுக்குக் கல் வேறாக இருந்தது. நீளத்தில் சரிபாதி நிற்கிற கல் கொஞ்சம். பாதியைவிடத் தடித்த கல் நிறைய. நல்லதை இந்தப் பக்கம், மற்றதை அந்தப் பக்கம் என்று பிரிக்கச் சொன்னார். நல்ல பக்கம் குவியவே இல்லை. காளை சுவரோரம் குந்தி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு நாள் வந்து உட்கார்ந்துவிட்டு மூன்றாம் நாள் வரவில்லை. போன் போட்டால், "நீங்க பிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க சார், வாரேன்" என்றார். செங்கல் தூசி சாரின் தொடை இடுக்கில் இறங்கித் தோல் சிவக்க ஆரம்பித்தது. புண்ணாகாமல் துடைத்துப் பவுடர் போடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும்.

"இன்னும் எம்புட்டுக் கல்லு சார் அளக்கணும்?"

"எல்லாத்தையும்தான்."

"அதுக்குள்ள பை மாட்டிருவாங்க."

அவர் டேப்பை இழுத்தார்.

பிறகு ஒருநாள் காளை வந்தார். சாப்பிட்டுவிட்டுச் சார் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பின்கட்டில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். காளை எந்தக் குவியல் என்று பார்க்கவில்லை. கைக்கு வந்ததை எடுத்து வைத்தார். சார் எழுந்தபோது சுவர் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

சார் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உடைச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒத்தக் கல்லுகூட உடைக்கல சார். நீங்க சொன்னபடிதான்."

அவருக்கு அது போதுமாயிருந்தது. எனக்கும் சுவர் எழும்பியதே பெரிய விஷயமாயிருந்தது. அடுத்தடுத்து வேலை ஓடியது. வாசலுக்கு மேலே லிண்டல் கட்டை போட்டார்கள். தச்சர் வந்து வாசலை அளந்துகொண்டு போய்க் கதவு நிலை செய்து கொண்டுவந்தார். இரும்புப் பிடிகளைச் சுவருக்குள் புதைத்து நிலையை நிறுத்தினார்கள். குழாய்க்காரர் மேற்கத்திய கழிப்பறைக் கோப்பையையும் பக்கத்தில் கைப்பிடியையும் பொருத்தி, தண்ணீர் விட்டுப் பார்த்தார். கதவு மட்டும் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை சத்யப்ரியா வந்திருந்தாள், காளையும் இருந்தார். பசுமலையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. வாரம் ஒருநாள்தான் அப்பாவைப் பார்க்க நேரம் கிடைக்கும். சாருக்கு முகம் கழுவி, வேறு சட்டை மாற்றிவிட்டிருந்தேன். அன்றைக்கு அவரே சட்டை கேட்டு வாங்கினார். நாற்காலியைப் புது வாசலுக்குத் தள்ளினேன். முன் சக்கரங்கள் உள்ளே போயின. பெரிய சக்கரத்தின் வளையம் நிலையில் இடித்து நின்றது.

பின்னால் இழுத்து நேராக்கித் தள்ளினேன். இடித்தது. சாய்த்துத் தள்ளினேன். வளையத்தைப் பிடித்திருந்த சாரின் இடது கை நிலையில் உரசி, விரல் முட்டியில் தோல் கழன்றது. போகாது. ஒரு விரல் கனம் குறைவு.

காளை டேப்பை எடுத்து நிலைக்கு நிலை பார்த்தார். இரண்டடி.

"மூணடிக் கோடு போட்டீங்களேண்ணே" என்றாள் சத்யப்ரியா.

"கோடு மூணடிதான்மா. கல்லு உள்ள வந்துருச்சு."

எனக்குப் புரியவில்லை. சுவரைக் காட்டிச் சொன்னார். நீளமாக வைத்த வரி கோட்டில் முடிந்தது. அதன்மேல் குறுக்காக வைத்த வரியில் ஒவ்வொரு கல்லும் பாதியைவிடக் கொஞ்சம் தடிப்பு. தடிப்பெல்லாம் சேர்ந்து அந்த வரி வாசலுக்குள் நீட்டிக்கொண்டு வந்தது. வேறு வீடாயிருந்தால் நீட்டிய நுனியைக் கொத்துக்கரண்டி விளிம்பால் ஒரு தட்டுத் தட்டி எடுத்திருப்பார். இங்கே தட்டக்கூடாது. அதனால் நீட்டிய வரிகளுக்கு ஏற்ப மற்ற வரிகளைச் சாந்து வைத்துச் சமமாக்கிவிட்டார். இந்தப் பக்கம் மூன்று அங்குலம், அந்தப் பக்கம் மூன்று அங்குலம் போனது. மிச்சத்தில் நிலைச்சட்டம் பக்கத்துக்கு மூன்று அங்குலம் தின்றது.

"கட்டும்போதே தெரிஞ்சிருக்கும்ல? ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என்றேன்.

"சொன்னா வேலைய நிறுத்தி மறுபடி அளப்பாருக்கா. சார் உடைக்காதன்னாரு. நான் உடைக்கல."

அந்த ஆளைக் கரண்டியாலேயே ஒன்று போடலாம் போல இருந்தது. உடைக்காதே என்று சொன்னவரையும் சேர்த்து.

"பிரிச்சு வச்ச கல்லுல கட்டியிருந்தா வந்திருக்காது" என்றார் சார்.

"பிரிச்சு வச்ச கல்லுல கோழிக்கூடுதான் சார் கட்டலாம்."

"அப்ப செவுத்துல தப்பில்ல. கல்லுல தப்பு. சூளைக்குப் போனப் போடு சத்யா."

போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். சூளைக்காரர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். சார் அகலத்தையும் நீளத்தையும் வரிசையாகச் சொல்லச் சொல்ல, அவர் குரலில் மரியாதை குறைந்துகொண்டே வந்தது.

"சார், இது செங்கல்லு. பிஸ்கட்டு இல்ல. அங்கிட்டு இங்கிட்டு இருக்கத்தான் செய்யும்."

"அங்கிட்டு இங்கிட்டுன்னா எம்புட்டு?"

"அத யாரு சார் அளக்குறா?"

"நான் அளக்குறேன்."

"அளங்க சார். நல்லா அளங்க" என்று போனை வைத்துவிட்டார்.

காளை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சத்யப்ரியாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "இன்னைக்கே உடைச்சுப் பெருசாக்குங்கண்ணே" என்றாள்.

"உடைச்சுத் தாரேன்மா. ரெண்டு பக்கமும் நுனியத் தட்டி எடுத்தா நிலையோட வண்டி போயிரும். சார் ஒரு வார்த்தை சொல்லட்டும்."

சார் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு சத்யப்ரியா, "அப்ப ட்யூப் போட்டுருவோம்ப்பா. எனக்கு முடியல" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். காளையும் சைக்கிளை எடுத்தார்.

அன்று சாயங்காலம் பாட்டில் பிடித்தேன். பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கி அவர் முகத்துக்கு முன்னால் காட்டினேன். நான் இப்படியெல்லாம் நோயாளிக்குக் காட்டுகிறவள் இல்லை. பொறுமை போய்விட்டது.

"இந்த நிறத்தப் பாருங்க. கடுங்காப்பி மாதிரி இருக்கு. இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்தா காய்ச்சல் வரும். வந்தா பை. அதுக்கப்புறம் அந்த ரூம்புக்கு உங்களுக்கு வேலையே இல்ல."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் எதுக்கு சார் இந்தப் பிடிவாதம்? ரெண்டு கல்லோட நுனியத் தட்டுனா என்ன கெட்டுப்போச்சு?"

பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வார்த்தை மெதுவாகத்தான் வரும். "சர்வீஸ் பூரா புள்ளைங்ககிட்டச் சொல்லிருக்கேன், உடைக்காமக் கட்டலாம்னு. ஒரு தடவ கூடக் கட்டிப் பாத்ததில்ல. இந்த வீடு கட்டயிலயும் முடியல. கடைசியா ஒரு செவுரு. இதுலயும் உடைச்சா, நான் கட்டிப் பாத்ததே இல்லன்னு ஆயிரும்."

பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஒரு மூத்திரத்துக்கு இத்தனை பாடா என்றுதான் இருந்தது. ஆனால் நோயாளி ஒரு காரணம் சொல்லிவிட்டால் அதை வைத்துத்தான் வழி தேட வேண்டும். திட்டி ஒன்றும் ஆகாது. எழுந்துபோய் வாசலை நானே அளந்தேன். நிலைக்கு நிலை இரண்டடி. நிலை இல்லாமல் கல்லுக்குக் கல் இரண்டரை அடி.

"நிலையக் கழட்டிருவோம். கல்லத் தொட வேணாம். வண்டியும் போகும், கையும் போகும். கம்பி கட்டித் துணி தொங்கவிட்டுக்கலாம்."

"கதவில்லாமயா?"

"இல்லாமத்தான்."

"ஆளு வந்தா?"

"வந்தா வரட்டும். துணிக்கு அங்கிட்டு இருப்பீங்க. இப்ப ஊரே பாக்க நடு ஹால்ல துணியே இல்லாம இருக்கீங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் சோறு எடுக்கப் போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"கல்லு உடையாதுல்ல?"

காளைக்குப் போன் போட்டேன். "கழட்டலாம்க்கா. மேல லிண்டல் இருக்கு, ஒண்ணும் ஆகாது. காலைல ஒத்தக்கடையில எனக்குக் காங்கிரீட்டு வேலை. போற வழியில வந்து எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"கல்லு உடையாம எடுக்கணுமாம்."

"பாக்குறேன்னு சொல்லுங்க."

சாரிடம் "பாக்குறேன்னாரு" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை நான் ஹாலுக்குப் போனபோது சார் கட்டிலில் விழித்துக்கிடந்தார். பல் தேய்த்துவிட்டவுடன் தானாகவே தண்ணீர் கேட்டார். ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்று கேட்டார். குடித்துவிட்டு, "நாற்காலியில ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். காளை வரவில்லை. போன் போட்டால், "இந்தா, தெருமுனையில இருக்கேன்" என்றார். அந்தத் தெருமுனை எந்தத் தெருமுனையோ. சாரின் நெற்றி வியர்க்க ஆரம்பித்தது. பாட்டிலைக் கொண்டுபோய் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம். உள்ளயே போறேன்."

"அடக்காதீங்க சார்."

"சிஸ்டர், வேணாம்னேன்."

ஒரு வழியாக காளை கடப்பாரையோடு வந்தார். பழைய போர்வை ஒன்றை நான் கம்பியில் கோத்துத் தயாராக வைத்திருந்தேன். நிலைக்கும் சுவருக்கும் நடுவே உளியை விட்டுச் சாந்தை உதிர்த்தார். இடப்பக்கம் அசைந்தது. வலப்பக்கம் இரும்புப் பிடி கல்லுக்குள் நன்றாக இறங்கியிருந்தது. கடப்பாரையை நுழைத்து நெம்பினார். நிலை வரவில்லை. மறுபடி நெம்பினார். சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று. நிலை மொத்தமாக அவர் தோளில் சாய்ந்தது. தரையில் கல் துண்டுகள் சிதறின.

நான் சாரைப் பார்க்கவில்லை. காளையும் பார்க்கவில்லை. நிலையைத் தூக்கித் தெருப்பக்கச் சுவரில் சாத்திவிட்டு வந்தார்.

"உடைஞ்சிருச்சா?" என்று சார் கேட்டார்.

"உடைஞ்சிருச்சு சார். பிடி இருந்த கல்லு. மூணு."

சார் துண்டுகளைப் பார்த்தார். இடது கையால் நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்திருந்தார்.

"அள்ளித் தள்ளுடா அங்கிட்டு. வழியில கெடக்கு" என்றார்.

காளை காலாலேயே துண்டுகளை ஒதுக்கினார். நான் பின்னால் போய்த் தள்ளப் பார்த்தேன். அதற்குள் சார் ஒரு கையாலேயே உருட்ட ஆரம்பித்துவிட்டார். நாற்காலி கோணலாகத் திரும்பியது. நேராக்கிவிட்டேன். வாசலில் எதுவும் இடிக்கவில்லை. உள்ளே போய் அவரைக் கோப்பைக்கு மாற்றி உட்காரவைத்து, கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து போர்வையை இழுத்துவிட்டேன்.

காளை சைக்கிளைத் தொடக்கூட இல்லை, அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"காளை, போயிட்டியா?"

"இருக்கேன் சார்."

"உடைஞ்சது உடைஞ்சிருச்சு. ரெண்டு பக்கமும் தட்டி எடுத்துரு. கதவு போடணும்."

காளை என்னைப் பார்த்தார். அவர் தெருவுக்குப் போய் ஒத்தக்கடைக்குப் போன் போட்டு, "அண்ணே, இன்னைக்கு என்னைய விட்டுருங்கண்ணே, வேற ஆளப் பாருங்க" என்றார். திரும்பி வந்து கரண்டியை எடுத்துக்கொண்டு, சார் வெளியே வரட்டும் என்று போர்வைக்கு இந்தப் பக்கம் நின்றார்.